அத்தானின் தாடை

ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவர் இன்னமும் வளர்ந்துகொண்டிருக்கிறாராம். செய்தியைக் கொண்டுவந்தவர் சாக்பீஸ். அவருக்குச் சொன்னது, பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிற அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், அந்த லிஃப்டில் ஏறி இறங்குகிற அத்தனை பேரும் சாட்சி.

சாக்பீஸ் என்பது அவர் பெயர் இல்லை. வாயில் எடுத்த அச்சில் ஊற்றிப் பல் மாடல் செய்கிற ஜிப்சம் மாவை மூட்டை மூட்டையாக ஊரெல்லாம் கொண்டுபோய்ப் போடுகிறவர். கண் இமை வரைக்கும் வெள்ளை படிந்திருக்கும். அவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது பல்லக்காவின் வீட்டு முன்னறையில், மூட்டையை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்துகிற சாக்கில். பல்லக்கா என்பதும் பெயர் இல்லைதான். இருபத்து மூன்று வருடம் மற்றவர்களுக்குப் பல் செட் செய்தே காலத்தை ஓட்டியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"சும்மா அளக்காதீங்க. அம்பது வயசுக்கு மேல வளர்றதுக்கு அவர் என்ன பூசணிக்கொடியா?" என்றாள் பல்லக்கா, கையிலிருந்த மெழுகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உயரமில்லக்கா. கையும் காலும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு சைஸ் செருப்பு ஏறுச்சாம். மோதிரத்தை ரம்பம் வச்சு அறுத்தாங்களாம். மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல ஒண்ணு தொங்குதாம், அதுக்குக் கிறுக்குப் புடிச்சா இப்படித்தானாம். மூக்கு வழியா உள்ள போயி சுரண்டி எடுத்தாங்களாம்."

"மூக்கு வழியா மூளைக்கா? உங்க சகலை லிஃப்டைத் தரையிலதான் ஓட்டுறாரா?"

"சிரிங்க, சிரிங்க. முகமே மாறிடுச்சாம். தாடை முன்னால வந்துருச்சாம். பல்லுக்கு நடுவுல ஒண்ணொண்ணுக்கும் சந்து விழுந்து..."

மெழுகுக் கத்தி நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"சந்துக்கா. பல்லுக்கு நடுவுல. ஏன், உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது. அதுதான் விஷயம். தாடை என்பது கட்டின வீடு மாதிரி, இருபது வயதுக்குமேல் அசையாது என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. பல்லைப் பிடுங்கினால் எலும்பு தேயும், ஈறு இறங்கும். அதெல்லாம் சுருங்குகிற கணக்கு. பெரிசாகிற கணக்கு ஒன்று இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. செட் பொருந்தவில்லையா, தப்பு அச்செடுத்தவர்மேல் இருக்கும், அல்லது மாவு கலந்தவள்மேல் இருக்கும். வாய்க்காரர்மேல் இருக்காது. தொழிலில் எல்லோரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

சாக்பீஸ் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, பழைய துண்டில் சுற்றிய ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தாள்.

*

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மஞ்சள் பலகை வைத்த இரண்டு கார். ஒன்றை அவரே ஓட்டிக் கற்றுக்கொடுப்பார். பல்லக்கா தன் பதினேழு வயதிலிருந்து முப்பது வயதுவரை அக்கா வீட்டில்தான் இருந்தாள். நர்ஸ் படிக்க ஆசைப்பட்டவளை, "ஊசியைப் பார்த்தாலே ஓடுறவ நர்ஸாகி யாரைக் காப்பாத்தப் போற?" என்று சொல்லி, தன்னிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், பின்கட்டில் இருந்த பல் செட் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த டாக்டர் பிற்பாடு மூன்று மாடி கட்டிப் 'பெரிய டாக்டர்' ஆனார். பட்டறையும் பதினோரு பெஞ்சாக வளர்ந்தது. பல்லக்கா மெழுகு உருக்குகிற பெஞ்சிலிருந்து பல் அடுக்குகிற பெஞ்சுக்கு வந்தாள். அவள் அடுக்கினது பொய்ப்பல் என்று சிரிக்கும்போது தெரியாது, அழும்போதும் தெரியாது என்று பெயர் வாங்கினாள்.

ஆனால் அத்தான் வாயில் அது கடைசிவரைக்கும், "என் சிபாரிசுல போனவ"தான். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் இந்த வரி வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அத்தான் ஏணியிலிருந்து விழுந்து மேல் பல் வரிசை முழுவதையும் இழந்தார். கீழே முன்பல் ஆறும் தப்பின. பின்பல் இரண்டு பக்கமும் போயின. மேலே முழு செட், கீழே கம்பி போட்ட அரை செட். பெரிய டாக்டர் அச்செடுத்தார். பல்லக்கா செய்தாள். "அடடா, சொந்தப் பல்லு மாதிரியே இருக்கே!" என்று அக்கா கண் கலங்கினாள். அத்தான் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே சிரித்துப் பார்த்துக்கொண்டார்.

பதினான்கு மாதம் கழித்துக் கீழ்க்கம்பி பிடிக்கவில்லை. மேலே கடித்தால் கீழே முன்னால் போனது. திரும்ப அச்சு. திரும்ப செட். கொடுத்த அன்று கச்சிதம், ஒரு வருடத்தில் ஆட்டம். மூன்றாவது முறையும் அதே. அப்போது பல்லக்காவின் தூக்கம் போனது. மாவுக்கு ஊற்றுகிற தண்ணீரைக் குவளையில் அளந்தவள், ஊசிக்குழாயில் அளந்தாள். பட்டறையின் வெப்பத்தைச் சுவரில் எழுதிவைத்தாள். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டிய கையில் பிடித்து, விளிம்பில் அலை வருகிறதா என்று பார்த்தாள். அலை வரவில்லை. அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

அதற்கப்புறம் அந்த நாள். காலை பதினோரு மணி. அத்தான் பட்டறைக்குள் நேராக நடந்து வந்தார். இரண்டு செட்டையும் வாயிலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, அவள் பெஞ்சில் டக்கென்று வைத்தார். மேல்பல் இல்லாத வாயில் வார்த்தை வழுக்கியது. இருந்தும் பத்துப் பேருக்கும் புரிந்தது.

"இருபத்தோரு வருஷக் கையாம்! மாட்டுக்குக்கூட இப்படிப் பல்லு கட்ட மாட்டாங்கடி. என் சிபாரிசுல வந்தவ, என் வாயிலயே வேலையக் காட்டுற!"

"அத்தான், கொடுத்த அன்னிக்கு நீங்கதானே நல்லாருக்குன்னு..."

"கை நடுங்குது உனக்கு. ஒத்துக்க. கை நடுங்குறவளுக்கு எதுக்கு கத்தி?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சொன்னதோடு விடவில்லை. சித்தி வீட்டில் சொன்னார், கார் கற்றுக்கொள்ள வந்த இரண்டு பல் டாக்டர்களிடம் சொன்னார், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் சொன்னார். "பாவம், மச்சினிக்குக் கை நடுக்கம்." பாவம் என்ற அந்த ஒரு சொல்தான் அதில் விஷம். திட்டினால் நாலு பேர் அவள் பக்கம் பேசியிருப்பார்கள். இரக்கப்பட்டால் யார் என்ன பேச முடியும்? பல் செட் செய்கிறவளுக்குக் கை நடுங்குகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால், சமையல்காரருக்கு நாக்கு செத்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. பெரிய டாக்டர் அவளை மாடல் கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழுவினாள். எட்டாவது நாள் போகவில்லை.

அக்கா? அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை. "அவளோட பேச்சு வச்சுக்கிட்டா என்னோட பேச வேணாம்" என்று அத்தான் சொல்லிவிட்டாராம். இரண்டு வருடம் ஆகிறது. தெருவில் பார்த்தால் அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கைப்பையில் எதையோ தேடுவாள்.

போகிற நாளன்று பல்லக்கா ஒன்று செய்தாள். வேலை முடிந்ததும் மாடலை உடைத்துக் குப்பையில் போடுவதுதான் பட்டறை வழக்கம். சொந்தக்காரர்களின் மாடலை மட்டும் அவள் உடைக்க மாட்டாள்; பின்னால் சண்டை வந்தால் காட்டுவதற்கு, அடியில் பென்சிலால் தேதி எழுதி அலமாரி உச்சியில் வைத்திருப்பாள். அத்தானின் வாய் அங்கே நான்கு இருந்தது. மூன்று அவள் செய்த செட்டுகளுக்கு. நான்காவது, சண்டையன்று பெரிய டாக்டர் எடுத்த அச்சு. அந்த வேலை வேறு ஆளுக்குப் போகிறது என்று சொல்லுமுன்பே அவள் மாவு ஊற்றிவிட்டிருந்தாள். நான்கையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அவர் வாயாவது தன்னிடம் இருக்கட்டும் என்று ஒரு ஆத்திரம்.

*

ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு கீழ்த்தாடையையும் வரிசையாக வைத்தாள். தனித்தனியாகப் பார்த்தபோது என்றைக்கும் தெரியாத ஒன்று, வரிசையில் வைத்ததும் தெரிந்தது. முன்பல் ஆறு. முதல் மாடலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான்காவதில் பேருந்துக்குக் காத்திருக்கிற அந்நியர்கள் மாதிரி விலகி விலகி நின்றன.

காலிப்பரை எடுத்தாள். இந்தக் கோரைப்பல் முனையிலிருந்து அந்தக் கோரைப்பல் முனைவரை. முதலாவது, இருபத்தாறு மில்லிமீட்டர். இரண்டாவது, இருபத்தேழு. மூன்றாவது, இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் மேல். நான்காவது, இருபத்தொன்பதரை. திரும்ப அளந்தாள். மூன்றாம் தடவை, கண்ணை மூடிக்கொண்டு கருவியை வைத்துவிட்டுத் திறந்து பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

மாவு விரியும்தான். ஆனால் இவ்வளவு விரிய வேண்டுமென்றால் அது மாவு இல்லை, இட்ட சாபம்.

பல்லக்கா தரையில் உட்கார்ந்தாள். முதலில் அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. தனி அறையில் ஒரு பெண் நான்கு கீழ்த்தாடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு வதந்தியைக் கிளப்பியிருப்பார். கை நடுங்கவில்லை. என் கை நடுங்கவே இல்லை. வளர்ந்தது நீ. என் கையில் கோளாறு என்று ஊரெல்லாம் பரப்பினாயே, கோளாறு உன் தலைக்குள் இருக்கிறது. உன் மூளைக்கு அடியில். பட்டாணி சைஸில்.

இரண்டு வருடமாக அடிவயிற்றில் புகைந்துகொண்டிருந்த ஒன்று அன்று முழுசாகப் பற்றிக்கொண்டது. அதன் சூடு அவளுக்கு இதமாக இருந்தது.

*

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனாள். ஒற்றை நாற்காலி வைத்துத் தனியாகக் கிளினிக் நடத்துகிற இளம்பெண் அவள். ஊர்ப்பேச்சைக் கேட்காமல், பல்லக்காவின் வேலையைப் பார்த்து வேலை கொடுக்கிற ஒரே ஆள். பல்லக்கா துணிப்பையிலிருந்து மாடல்களை மேசைமேல் வைத்தாள். தேதி வரிசையில் அடுக்கினாள்.

டாக்டரம்மா பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "இது நாலும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான். மூணு வருஷத்துக்குள்ள."

"யாரு?"

"பழைய கேஸ் ஒண்ணு," என்றாள் பல்லக்கா. பொய் இல்லை. பாதி உண்மை.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் தலையும் மூக்குமாகப் படம் போட்டாள். மூக்குக்குப் பின்னால், மூளைக்குக் கீழே, ஒரு காம்பில் தொங்குகிற சின்ன உருண்டை. "பிட்யூட்டரி. சுரப்பின்னா எச்சில் சுரப்பி மாதிரி குழாய் வச்சு விடறதும் இருக்கு. இது அப்படியில்ல. குழாய் கிடையாது. சுரக்கறதை நேரா ரத்தத்துல விட்டுடும். அதுக்குப் பேர்தான் ஹார்மோன்."

"ரத்தம் உடம்பு பூரா ஓடுதே. எல்லா இடத்துக்கும் போயிடாதா?"

"போகும். ஆனா யாருக்கு உண்டானதோ அவங்கதான் எடுத்துப்பாங்க. மத்தவங்களுக்கு அது வந்ததே தெரியாது."

"எங்க பட்டறை வேலைச் சீட்டு மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் பல்லக்கா. "ட்ரேயில ஒட்டி எல்லா பெஞ்சுக்கும் போகும். மெழுகுன்னு எழுதியிருந்தா மெழுகு பெஞ்சு மட்டும் கை வைக்கும். மத்தவன் தள்ளிவிட்டுடுவான்."

"அதேதான்!" டாக்டரம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்தப் பிட்யூட்டரி அங்க சூப்பர்வைசர். தைராய்டுக்கு ஒரு சீட்டு, சிறுநீரகத்துமேல உக்காந்திருக்கிற அட்ரினலுக்கு ஒரு சீட்டு. வளர்ச்சிக்கும் ஒண்ணு எழுதும். அது கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் இன்னொரு சரக்கை விடும். அதுதான் எலும்பை, சதையை வளர்க்கிறது."

"போதும்னு யார் சொல்றது?"

"அந்தச் சரக்கே சொல்லும். ரத்தத்துல அளவு ஏறினதும் மேல தகவல் போயிடும், சூப்பர்வைசர் பேனாவை மூடிடுவார். ஆனா அங்க ஒரு சின்னக் கட்டி வந்துச்சுன்னா, பெரும்பாலும் புற்றெல்லாம் இல்ல, சாதாக் கட்டிதான், அது காதுல வாங்காது. எழுதிக்கிட்டே இருக்கும். சின்ன வயசுல வந்தா ஆள் பனைமரம் மாதிரி ஆயிடுவாங்க. பெரியவங்களுக்குக் கைகால் எலும்போட முனை மூடியாச்சு. அதனால உயரம் ஏறாது. தாடை, மூக்கு, உள்ளங்கை, பாதம், நாக்கு. ரொம்ப மெதுவா. தினமும் பாக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நாக்குமா?"

"நாக்குந்தான். தடிச்சுடும். தூங்கும்போது குறட்டை, மூச்சு நின்னு நின்னு வரும். தலைவலி, வியர்வை. தூக்கம் கெட்டா எரிச்சல் வரத்தானே செய்யும்."

பல்லக்கா படத்தில் இருந்த உருண்டையை விரலால் தொட்டாள். "அப்போ அந்த ஆள் கண்டபடி பேசினாருன்னா, அதுக்கும் இதுதான் காரணமா?"

டாக்டரம்மா சிரித்தாள். "நாக்கு பெருசாகிறதுக்குத்தான் சுரப்பி பொறுப்பு. அது பேசுறதுக்கு இல்ல."

அந்தப் பதில் பல்லக்காவுக்கு அமிர்தமாக இருந்தது. பரிதாபப்பட வேண்டி வருமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தேவையில்லை.

டாக்டரம்மா முதல் மாடலையும் நான்காவதையும் கையில் எடுத்து உருட்டினாள். "ஒண்ணு புரியல. கீழ்த்தாடை இவ்வளவு முன்னால வந்தா முகத்துல தெரிஞ்சிருக்கணுமே. கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி நிக்குமே. யாரும் கவனிக்கலையா?"

யாரும் கவனிக்கவில்லைதான். ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அவள் மேல் செட்டின் முன்பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி அடுக்கினாள். கீழே வந்த அளவுக்கு மேலே. உதடு எடுப்பாக இருக்கட்டும் என்று ஓரத்தைத் தடிப்பாக்கினாள். அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாள். ஒரு மோசமான கைக்காரி செய்திருந்தால் முதல் வருடமே அத்தானின் முகம் கோணிப்போய், யாராவது ஒரு டாக்டர் நிறுத்திக் கேட்டிருப்பார்.

"செட் செஞ்ச கை நல்ல கை," என்றாள். "அது மறைச்சிடுச்சு."

"இந்த ஆளை உடனே அனுப்பச் சொல்லுங்க அக்கா. ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். கட்டி இருந்தா மூக்கு வழியாவே எடுத்துடலாம். விட்டுட்டா அதுக்கு மேலதான் கண் நரம்பு போகுது. அழுத்த ஆரம்பிச்சா பார்வை ரெண்டு ஓரத்துலேர்ந்தும் இருட்டிக்கிட்டு வரும். நேரா பாக்கிறது நல்லாத் தெரியும், அதனால அவங்களுக்கே உறைக்காது. ரொம்ப நாள் ஆயிட்டா போனது திரும்பாது."

"ரொம்ப நாள்னா? மூணு வாரம் தாங்காதா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மூணு வாரம்?"

"சும்மா கேட்டேன்."

"அவர் என்ன வேலை பாக்கிறார்?"

பல்லக்கா மாடல்களை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றத் தொடங்கினாள். "சொந்தத் தொழில்," என்றாள்.

*

மூன்று வாரத்தில் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் மத்தியானச் சாப்பாடு, முப்பது பேராவது வருவார்கள். இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். "பாவம், கை நடுக்கத்தோட தனியா இருக்கா, அவளும் வரட்டும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அத்தான் வராமல் இருக்க மாட்டார். கூட்டம் இருக்கிற இடத்தில் அவர் இல்லாமல் எப்படி?

அவள் திட்டம் போட்டாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கதை அளக்கிற நேரம். மேசைமேல் கறுப்புத் துணி. அதன்மேல் நான்கு தாடை. பக்கத்தில் காலிப்பர். "அத்தான், நீங்களே அளந்து படிங்க, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி." அவர் படிக்க வேண்டும். இருபத்தாறு. இருபத்தேழு. படிக்கப் படிக்கக் குரல் இறங்க வேண்டும். அதற்கப்புறம் அவள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வாங்கி, முப்பது பேர் முன்னால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே பேசுவாள். ஒரு சொட்டுச் சிந்தாமல், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். அக்காவுக்கும் ஒரு கேள்வி தனியாக வைத்திருந்தாள். கடைசியில்தான், போகிற போக்கில், "டாக்டரைப் பாருங்க" என்பாள். இரக்கத்தோடு சொல்வாள். பாவம் என்ற சொல்லை அவர் தலையிலேயே கட்டுவாள்.

நான்கு நாள் இந்த நாடகத்தை ஒத்திகை பார்த்தாள். பல்லைப் பாலிஷ் போடும்போது, சோறு வடிக்கும்போது, படிக்கட்டு இறங்கும்போது. மாடல்களின் அடிப்பகுதியைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். அழிந்துகொண்டிருந்த தேதிகளின்மேல் மையால் எழுதினாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. இடையிடையே டாக்டரம்மாவின் குரல் வரும், போனது திரும்பாது என்று. வந்தால் மோட்டாரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவாள். மூணு வருஷம் வளர்ந்தது மூணு வாரத்துல என்ன ஆயிடும்? என் ரெண்டு வருஷம் போச்சே, அது திரும்புமா?

ஐந்தாம் நாள் மத்தியானம் டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஒரு செட்டைக் கொடுக்கப் போயிருந்தபோது, அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார் சாக்பீஸ். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பழைய பட்டறைக்கும் மாவு போடுகிறவர். அங்கே நடப்பதை இங்கே சொல்லாவிட்டால் அவருக்கு மூட்டை இறங்காது.

"பல்லக்கா, உங்களுக்கு ஒரு இனிப்பான செய்தி. உங்க அத்தான் மறுபடி வந்து ஆடிட்டுப் போயிட்டாரு. உங்களுக்கப்புறம் செஞ்சான் பாருங்க ஒருத்தன், அவன் கட்டினதும் ஆடுதாம். 'உங்களுக்கு எல்லாருக்குமே கை நடுக்கமா'ன்னு கத்துறாரு. பெரிய டாக்டர் மூஞ்சில ஈயாடல."

பல்லக்கா சிரித்தாள். வயிறு குளிர்ந்தது.

"ஆனா பாருங்க, சொல்றேன்னு நினைக்காதீங்க, அவருக்கும் வயசாயிடுச்சு போல. போகும்போது கேட் தூண்ல இடது பக்கக் கண்ணாடியைத் தட்டிட்டுப் போனாரு. தூண் எங்கியும் ஒளிஞ்சுக்கல, அங்கதான் நின்னுச்சு. வாட்ச்மேன் சொல்றான், இது மூணாவது தடவையாம். இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ஒண்ணு. கார் கத்துக்குடுக்கிற ஆளு! 'தூணை யாரு இங்க கொண்டாந்து வச்சது'ன்னு வாட்ச்மேனைத் திட்டுறாரு. உங்க அக்கா பக்கத்து சீட்ல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டிருந்தாங்களாம்."

சாக்பீஸ் சிரித்தார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"எப்போ இது?"

"இப்பத்தான். அங்கேர்ந்துதான் நேரா வர்றேன். ரெண்டு பேரும் புறவழிச்சாலைப் பக்கம் போனாங்க, அந்தம்மாவை வேலைக்கு விட."

அத்தானின் பார்வையில் ஓரம் இருட்டிவிட்டது. இரண்டு ஓரமும். ஐந்து நாளாக அவளுக்குத் தெரியும், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா உள்ளே ஒருவர் வாயில் கையை வைத்திருந்தாள். பல்லக்கா வரவேற்பு மேசையில் இருந்த கிளினிக் போனை இழுத்தாள். தன் எண்ணிலிருந்து அடித்தால் எடுக்க மாட்டார்கள். தெரியாத எண் என்றால் அத்தான் முதல் மணியிலேயே எடுப்பார். புது ஆள் யாராவது கார் கற்றுக்கொள்ளக் கேட்பார்கள் என்று வண்டி ஓட்டும்போதுகூட எடுப்பார்.

"யாருக்குக்கா இவ்வளவு அவசரமா?" என்றார் சாக்பீஸ்.

"என் அத்தானுக்கு."

"அவருக்கா? நீங்களா?" சாக்பீஸின் வெள்ளை இமைகள் படபடத்தன. "போகட்டும்னு மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிக்கிறதா?" பல்லக்கா எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். "அந்த நாலு மாடலையும் அவர் பாக்கணும். ரெண்டு கண்ணாலயும் பாக்கணும். குருடாப் போயிட்டாருன்னா நான் யார்கிட்ட போய் அளந்து காட்டுறது? செத்துப்போயிட்டாருன்னா பாவப்பட்ட புண்ணியவானாயிடுவாரு, கை நடுங்குறவ நானாவே இருப்பேன். அந்த வசதியை நான் அவருக்குக் குடுக்க மாட்டேன்."

மணி அடித்தது.

முதலில் என்ன சொல்வது? 'அத்தான், வண்டியை ஓரமா நிறுத்துங்க.' அதைச் சொன்னால், யார் பேசுகிறது என்று தெரிந்த உடனே வைத்துவிடுவார். 'நான் கட்டின பல்லு சரியாத்தான் இருந்துச்சு.' அதற்கும் வைத்துவிடுவார். எந்த வாக்கியத்தை முன்னால் வைத்தால் அவர் இரண்டாவது வாக்கியம்வரை கேட்பார்? இருபத்து மூன்று வருடம் பல்லை வரிசைப்படுத்தினவளுக்கு இரண்டு வாக்கியத்தை வரிசைப்படுத்தத் தெரியவில்லை.

மூன்று தடவை மணி அடித்தது. நான்கு. முதல் மணியிலேயே எடுக்கிற ஆள்.

"எடுக்கலையா?" என்றார் சாக்பீஸ்.

அவள் கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அழுத்தினாள். பிறகு அக்காவின் எண். அது அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா கைப்பைக்குள் எதையோ தேடுகிறாளா, தேடுகிற நிலையில் இருக்கிறாளா என்று தெரியவில்லை. திரும்ப அத்தானின் எண். "எடு," என்றாள். "எடுத்துத் தொலைங்களேன் அத்தான். திட்டுறதுக்காவது எடுங்க."

உள்ளேயிருந்து டாக்டரம்மா, "அக்கா, யாருக்குப் போன்?" என்று கேட்டாள். காதோடு அழுத்திப் பிடித்திருந்த ரிசீவருக்குள் ஏழாவது மணி அடித்தது. எட்டாவது மணி அடித்தது.